இருவர், இரண்டு முதுகுப்பை, ஆறு நாடு: கேப் டவுனிலிருந்து மலாவி ஏரி வரை தரைவழியாக

#1 தெற்குக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் 2024 மே 6 அன்று கேப் டவுனில் இறங்கி, ஜூலை 19 அன்று மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் விமானம் ஏறினோம். மொத்தம் 75 நாள். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, சாம்பியா, ஜிம்பாப்வே, மறுபடி சாம்பியா, கடைசியில் மலாவி. நடுவில் எங்கேயும் விமானம் ஏறவில்லை. கிளம்பும் முன் தமிழில் தேடியபோது எங்களுக்கு உதவுகிற மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்துப் போகிறவர்களுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே உள்ளூர் மக்கள் எந்த வண்டியில் போகிறார்களோ அதிலேயே போங்கள். நமீபியா மட்டும் விதிவிலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற நாடுகளில் கோம்பி என்கிற வேன்தான் ஊருக்கு ஊர் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவில் அதையே டாக்ஸி என்பார்கள், மலாவியில் மினிபஸ். பெயர் எதுவானாலும் சட்டம் ஒன்று: ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நம் ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் போகும் தூரம் 300 கிலோமீட்டர். சில நாள் பத்து நிமிடத்தில் நிரம்பும், சில நாள் நான்கு மணி நேரம். அந்தக் காத்திருப்பில்தான் எங்களுக்கு அந்த நாடுகள் பழக்கமாயின. பக்கத்தில் இருக்கும் அம்மா குழந்தையை மடியில் தந்துவிட்டு வேர்க்கடலை வாங்கப் போவார். முன்சீட்டில் இருப்பவர் திரும்பி, "எந்த ஊர், கல்யாணமாகி எத்தனை வருஷம், குழந்தை எங்கே" என்று கேட்பார். நம் ஊர்க் கேள்விகள்தான்.

கேப் டவுனில் இருந்த ஐந்து நாளும் விளக்குக் கம்பமெல்லாம் தேர்தல் பதாகை. மே 29 தேர்தல். 1994-க்குப் பிறகு ஆளும் ஏ.என்.சி. கட்சி முதல் முறையாகப் பெரும்பான்மை இழந்தது அதில்தான். அங்கிருந்து நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹூக்குக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். பெரிய பேருந்தில் ஒரு பகல், ஒரு இரவு. ஆரஞ்சு ஆற்றின் கரையில் நள்ளிரவில் இறங்கி எல்லையைக் கடந்தபோது குளிரில் பல் கிட்டியது. மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பி மெல்லிய துணி மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பாலைவனத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

#2 சேலத்துக்காரன்

அருமைங்க அக்கா. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப் போகிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் 40 நாள் விடுப்பு எடுக்கலாம் என்று இருக்கிறோம். மூன்று கேள்வி. ஒன்று, இருபது பேரை ஒரே லாரியில் ஏற்றிக் கூடாரம், சமையல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்ளும் குழுப் பயணம் ஒன்று இருக்கிறதே, அது புது ஆட்களுக்கு நல்லதா? இரண்டு, நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மூன்று, கையில் பணம் எப்படி வைத்துக்கொண்டீர்கள்? ஆறு நாட்டுக்கு ஆறு பணம் என்பதே தலை சுற்றுகிறது.

#3 காட்டுயிர்ப்பிரியன்

தெற்குக்காற்று, உங்கள் பயணம் பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. அவ்வளவு தூரம் போவதே காட்டுயிர் பார்க்கத்தான். கோம்பி எந்தத் தேசியப் பூங்காவுக்குள் போகும்? தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் நான் எட்டு நாள் சொந்தமாக ஓட்டினேன். விடியலில் வாசல் திறந்ததும் உள்ளே போனால் சிங்கம் சாலையிலேயே படுத்திருக்கும். வேன் நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்வதை அனுபவம் என்று சொல்லி, புதிதாகப் போகிறவர்களின் நாட்களை வீணாக்கிவிட வேண்டாம்.

#4 தெற்குக்காற்று

காட்டுயிர்ப்பிரியன் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நமீபியாவில் நாங்களும் கார்தான் எடுத்தோம். அந்த நாட்டின் பரப்பு 8 லட்சத்து 25 ஆயிரம் சதுர கிலோமீட்டர், மக்கள் 30 லட்சம்தான். சோசஸ்ஃப்ளேய் மணல்மேட்டுக்கும் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கும் பொது வண்டி கிடையாது. பத்து நாளைக்குச் சாதாரண சிறிய கார் ஒன்று, கூடாரம் எங்களுடையது. ஆறு நாட்டிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது, நமக்குக் கை தடுமாறாது. தடுமாறுவது சரளைச் சாலையில். பார்க்க வழுவழுப்பாக, நேராக, ஆளே இல்லாமல் இருக்கும். கால் தானாக அழுத்தும். அங்கே நடக்கும் விபத்துகளில் பல, எதிரே யாரும் இல்லாமல் வண்டி தானே வழுக்கிக் கவிழ்வதுதான். 80-க்கு மேல் போகாதீர்கள், டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், ஸ்டெப்னி இரண்டு கேட்டு வாங்குங்கள். கவிழ்ந்தால் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் வரி வரியாகப் படியுங்கள். பொழுது சாய்ந்தபின் ஓட்டவே கூடாது, குடு மான் குறுக்கே பாயும்.

சோசஸ்ஃப்ளேய்க்குப் போகும் செஸ்ரியம் வாசலிலிருந்து 45-ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் ஒரு மணல்மேட்டுக்கு 45 என்றே பெயர். கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டி புதையும். அங்கேயே நிறுத்திவிட்டுப் பூங்கா வண்டியில் போனோம். அதை ஒட்டிய டெட்ஃப்ளேயில் வெள்ளைக் களிமண் தரையில் கருத்துப்போன மரங்கள் நிற்கின்றன. பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்த மரங்கள். காற்றில் ஈரமே இல்லாததால் மக்கவில்லை.

எட்டோஷாவில் ஒக்கௌகூயேஜோ முகாமுக்குள் ஒரு நீர்க்குட்டை, இரவெல்லாம் மங்கிய விளக்கு. கல்சுவருக்கு இப்பால் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்குக் கருப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது. பின்னால் யானைக் கூட்டம். அந்தத் தாய் விலகவில்லை, யானைகள் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போயின. ஐம்பது பேர் இருந்தோம், ஒரு இருமல் கூட இல்லை. வறண்ட காலத்தில் நீங்கள் விலங்கைத் தேடிப் போக வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்தால் அது வரும்.

நமீபியாவின் கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டில் ஒரு நாள் சும்மா நடந்தோம். நாடு ஜெர்மனியின் காலனியாக இருந்த காலத்துக் கட்டடங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஊரின் ஓரத்தில், வெள்ளையர் கல்லறைத் தோட்டத்தை அடுத்து, பெயர் இல்லாத சிறு சிறு மணல் குவியல்கள் நெடுக. 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை ஹெரெரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தது. முகாம்களில் செத்தவர்களின் குழிகள் அவை. அது இனப்படுகொலை என்று ஜெர்மனி 2021-இல்தான் ஒத்துக்கொண்டது. அங்கே போகிறவர்கள் கேக் கடையோடு திரும்பிவிடாமல் அந்த மணல்வெளிக்கும் போய்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சேலத்துக்காரன் தம்பி, லாரிக் குழுவைப் பற்றி. தனியாகப் போக பயம் இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது பேரோடு போனால் அந்த இருபது பேரோடுதான் பேசிக்கொண்டு வருவீர்கள்.

சைவம் பிரச்சினையே இல்லை. நானும் சைவம்தான். அந்தப் பகுதி முழுக்க ஒரே உணவு, வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்ஸா, சாம்பியாவில் ந்ஷிமா, மலாவியில் ந்சிமா. கேழ்வரகுக் களி சாப்பிட்ட கைக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்: உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, தொட்டுக்கொண்டு வாயில் போடுவதுதான். தொட்டுக்கொள்ளக் கீரையும் பீன்ஸும் கிடைக்கும். சாம்பியாவில் கீரையை வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைப்பார்கள், இஃபிசாஷி என்று பெயர். அதை வீட்டில் இப்போது வாரம் ஒரு முறை செய்கிறேன்.

பணம்: தென்னாப்பிரிக்க ரேண்ட் நமீபியாவிலும் செல்லும், மதிப்பு ஒன்றுக்கு ஒன்று. நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, எல்லைக்கு முன் செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானாவின் பணம் பூலா. அந்தச் சொல்லுக்கு மழை என்று பொருள். கலஹாரி மண்ணில் நின்றபின் அந்தப் பெயர் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஏடிஎம் எல்லா நடுத்தர ஊரிலும் உண்டு, ஜிம்பாப்வே மட்டும் வேறு கதை, தனியாக எழுதுகிறேன்.

#5 லுசாக்காவாசி

சாம்பியாவில் பதினொரு ஆண்டாக இருக்கிறேன், வேலை நிமித்தம். தெற்குக்காற்று எழுதியதைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. சில விஷயம் சேர்க்கிறேன்.

தலைநகர் லுசாக்காவின் பெரிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நாலு பேர் பையைப் பிடிப்பார்கள். திருடர்கள் அல்ல, தங்கள் பேருந்துக்கு ஆள் பிடிப்பவர்கள். பையை விடாமல், சிரித்த முகமாக, நேராகச் சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் போங்கள். எவ்வளவு அவசரமானாலும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். லுசாக்காவிலும் மலாவியிலும் "முலி ப்வாஞ்சி" என்றால் நலமா என்று அர்த்தம். போட்ஸ்வானாவில் ஆணுக்கு "துமேலா ர்ரா", பெண்ணுக்கு "துமேலா ம்மா". வணக்கம் சொல்லாமல் "பஸ் எங்கே" என்று கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியர்களை இங்கே "ம்வென்யே" என்பார்கள். ஏச்சு என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம், பெரும்பாலும் அடையாளம் சொல்வதற்குத்தான்.

இரவுப் பயணம் கூடாது. சாம்பியாவில் இரவு 9 முதல் காலை 5 வரை பொது வண்டிகள் ஓடக் கூடாது என்று 2016-இல் விதி கொண்டுவந்தார்கள், அத்தனை விபத்து. காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் வந்த 2024 எங்களுக்கு மிகக் கடினமான ஆண்டு. மழை பொய்த்தது. பிப்ரவரி 29 அன்று வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அதிபர் அறிவித்தார். மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். சாம்பேசி ஆற்றின் கரீபா அணையில் தண்ணீர் இல்லையென்றால் நாடே இருட்டு. அந்த நேரத்திலும் உங்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

#6 தெற்குக்காற்று

போட்டார்கள் அண்ணா. அதை எழுதாமல் விட்டிருந்தால் தப்பாகியிருக்கும்.

லுசாக்காவிலிருந்து மலாவி எல்லைப் பக்கம் இருக்கும் சிபாட்டாவுக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய 570 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் மக்காச்சோளத் தட்டை முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. கதிரே பிடிக்கவில்லை. பேருந்து பழுதாகி ஒரு கிராமத்துப் பக்கம் மூன்று மணி நேரம் நின்றோம். சாலையோர வீட்டிலிருந்து ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டுக் கையலம்பத் தண்ணீர் ஊற்றினார். ஒரு தட்டு ந்ஷிமா, கொஞ்சம் கீரை. அது அந்த வீட்டின் மதியச் சாப்பாடு என்பது எங்களுக்குத் தெரியும். மறுத்தால் புண்படுவார், சாப்பிட்டால் அவர்களுக்குக் குறையும். ஆளுக்கு இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்த சர்க்கரையும் சோப்பும் பேத்தி கையில் கொடுத்தோம். பணம் கொடுக்க என் கணவர் கை எடுத்தார், பக்கத்து சீட்டுக்காரர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

#7 பனித்துளி

அக்கா, நானும் என் கணவரும் இதே மாதிரி யோசிக்கிறோம். ஆண்கள் கேட்காத கேள்வியைக் கேட்கிறேன். அவ்வளவு நேரம் வண்டியில் போகும்போது கழிவறைக்கு என்ன செய்தீர்கள்? மாதவிடாய் நாட்களில்? உடை எப்படி? அப்புறம், 75 நாள் இரவு பகலாக ஒருவரோடு ஒருவர் மட்டும் இருந்தால் சண்டை வராதா? மனம் திறந்து சொல்லுங்கள்.

#8 தெற்குக்காற்று

நல்ல கேள்விகள் பனித்துளி.

சாம்பியாவின் லிவிங்ஸ்டன் சந்தையில் இரண்டு மீட்டர் சிட்டெங்கே துணி ஒன்று வாங்கினேன். அச்சு போட்ட பருத்தித் துணி, அங்கே பெண்கள் எல்லாரும் பாவாடை மேல் சுற்றிக்கொள்வது. அதுதான் எனக்குத் துண்டு, போர்வை, சன்னல் திரை, வண்டி நின்ற இடத்தில் புதர் ஓரம் ஒதுங்க மறைப்பு. வண்டியில் இருந்த பெண்களே எப்படிச் சுற்றுவது என்று காட்டிக்கொடுத்தார்கள், நாலு பேராகத்தான் ஒதுங்குவோம். நாப்கின் எல்லா ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சிறு ஊர்களில் ஒரே வகைதான் இருக்கும், கைவசம் இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். மலாவியில் கிராமப்பக்கம் முழங்காலுக்குக் கீழே மூடியிருப்பது நல்லது. முதல் அதிபர் பண்டாவின் ஆட்சியில் பெண்கள் கால்சட்டை போடவே தடை இருந்த நாடு அது. 1990-களில்தான் அந்தச் சட்டம் போனது.

பெண் என்பதற்காக எனக்குத் தொல்லை வந்ததில்லை. திருட்டு வந்தது. ஒரு நகரத்து வேன் நிலையத்தில் கூட்டத்தில் ஏறும்போது என் கணவரின் சட்டைப்பையிலிருந்து கைப்பேசி போனது. பெரிய நகரங்களில் இருட்டியபின் நடக்காதீர்கள், கைப்பேசியை வெளியே நீட்டாதீர்கள். கிராமங்களில் அந்தக் கவலை இல்லை.

சண்டை வந்தது. பெரிய சண்டை ஒன்றே ஒன்று, நமீபியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்குள் போன அன்று. மமூனோ எல்லையில் முத்திரை வாங்கியபின் அடுத்த ஊரான கான்ஸிக்குப் போக வேன் இல்லை. அங்கே லிஃப்ட் கேட்பது வழக்கம்தான், பேருந்துக் கட்டணம் மாதிரி காசு கொடுத்துவிட வேண்டும். இரண்டு மணி ஆனது, நான்கு ஆனது. எல்லையோரமாக எங்கேயாவது தங்கிவிடலாம் என்றேன், இன்னும் பார்ப்போம் என்றார் இவர். ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கியது. மாடு வாங்கப் போன ஒருவர் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டார். மூன்று மணி நேரம் குளிர் காற்றில், சாலையோரம் மாடும் கழுதையும் நிற்கும் இருட்டில். கான்ஸியில் இறங்கியபின் இரவு முழுக்க நான் பேசவில்லை.

மறுநாள் காலை ஒரு விதி போட்டோம்: மாலை மூன்று மணிக்குள் வண்டி கிளம்பவில்லை என்றால் அன்று பயணம் இல்லை, அந்த ஊரிலேயே அறை. யார் என்ன சொன்னாலும் மாற்றக் கூடாது. அதன்பின் நான்கு முறை அப்படித் தங்கினோம். கணவன் மனைவி போகிறவர்களுக்கு இது மாதிரி ஒன்றிரண்டு முடிவை முன்கூட்டியே எடுத்துவைப்பது பெரிய உதவி. சோர்ந்த நேரத்தில் யார் பேச்சு எடுபடுவது என்ற போட்டியே வராது.

#9 ஊசிமருந்து

மருத்துவத்துறையில் இருக்கிறேன். இந்த இழையில் மலேரியா இன்னும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கேப் டவுன், வின்ட்ஹூக், நமீபியாவின் தெற்குப் பகுதி ஆகிய இடங்களில் பயமில்லை. எட்டோஷாவுக்கு வடக்கே, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்றுப் பகுதி, சாம்பேசி ஆற்றங்கரை, மலாவி ஏரி எல்லாம் மலேரியா உள்ள இடங்கள். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. ஊர் திரும்பிச் சில மாதம் வரை காய்ச்சல் வந்தால், "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மலாவி ஏரியில் குளிப்பவர்களுக்கு பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி வரலாம். நாணல் ஓரத்து நத்தைகளிலிருந்து தண்ணீருக்கு வந்து தோல் வழியாக நுழையும். பிராசிகுவான்டெல் என்ற மாத்திரை அதைத் தீர்க்கும், ஆனால் குளித்த உடனே போட்டால் வேலை செய்யாது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்துப் போட வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் சான்று பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள்.

#10 தெற்குக்காற்று

இது அவளுடைய கணவர் எழுதுவது. ஊசிமருந்து சொன்ன தவறைச் செய்தது நான்தான்.

டாக்சிசைக்ளின் வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜிம்பாப்வேயில் நிறுத்தினேன். அங்கே நாங்கள் இருந்த ஊர்கள் மேட்டுநிலம், குளிர், கொசுவே காணோம். சாம்பியாவில் மறுபடி தொடங்க வேண்டியதைத் தொடங்கவில்லை. இவள் ஒழுங்காகப் போட்டாள். மலாவியில் ங்காட்டா பே வந்த மூன்றாம் நாள் காலையில் தலைவலி, மதியம் நடுக்கம். போர்வை மூன்று போட்டும் உடம்பு ஆடியது. இவள் வேனுக்குக் காத்திராமல் சைக்கிள் டாக்ஸி பிடித்து என்னைப் பின்னால் உட்காரவைத்து அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். விரலில் ஒரு குத்து, கால் மணி நேரத்தில் பட்டையில் இரண்டு கோடு. மலேரியா. மூன்று நாளைக்கு ஆறு வேளை மாத்திரை. கொழுப்புள்ள உணவோடு போட்டால்தான் உடம்பில் சேரும் என்று செவிலியர் வேர்க்கடலை வாங்கித் தின்னச் சொன்னார். ஒரு காசு வாங்கவில்லை. அந்த வரிசையில் என் பின்னால் நின்ற தாய்மார்களின் தோளில் துவண்டு கிடந்த குழந்தைகளை நான் மறக்க மாட்டேன். எனக்கு வந்தது கவனக்குறைவால். அந்தக் குழந்தைகளுக்கு மழைக்குப் பின் வருடா வருடம் வருவது.

தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மாத்திரைக்கு மாறுங்கள்.

#11 காட்டுயிர்ப்பிரியன்

நலமாக மீண்டதில் மகிழ்ச்சி சகோதரரே.

தெற்குக்காற்று, எட்டோஷா பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் அது கார் எடுத்த இடம். கோம்பியில் போன பகுதியில் என்ன பார்த்தீர்கள்? சோபே தேசியப் பூங்கா, ஒகவாங்கோ பக்கம் போட்ஸ்வானா வேண்டுமென்றே குறைந்த ஆட்கள், அதிகக் கட்டணம் என்ற கொள்கை வைத்திருக்கிறது. முதுகுப்பைக்காரர்களுக்கு அங்கே என்ன மிஞ்சும்?

#12 தெற்குக்காற்று

விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒகவாங்கோ டெல்டாவின் உள்ளே இருக்கும் விடுதிகளை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் டெல்டா ஓரத்து ஊரான மௌனில் இறங்கி, கிராமத்துப் படகோட்டிகள் சேர்ந்து நடத்தும் துறைக்குப் போனால் மொகோரோ கிடைக்கும். ஒரு ஆள் பின்னால் நின்று கழியால் ஊன்றித் தள்ளும் ஒடுங்கிய படகு. நம் கூடாரம், நம் அரிசி பருப்பு, இரண்டு இரவு ஒரு தீவில். அங்கோலா மலைகளில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்து, மழையே இல்லாத குளிர்காலத்தில் இங்கே வந்து சேர்கிறது. கடலுக்குப் போகாமல் கலஹாரி மணலிலேயே முடிந்துபோகிற ஆறு. உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-ஆவது இடமாக 2014-இல் இதைத்தான் சேர்த்தார்கள். எங்கள் படகோட்டி ஒரு திருப்பத்தில் கழியை ஊன்றி நிறுத்தினார். இருபது நிமிடம் அசையவில்லை. நாணலுக்குள் நீர்யானை மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அது போனபின்தான் நகர்ந்தார்.

நட்டாவிலிருந்து எல்லை ஊரான கசானே போகும் 300 கிலோமீட்டரில் சாலையோரம் யானைகளை எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டோம். கோம்பியில் இருந்துதான். ஓட்டுநர் ஒரு கூட்டம் கடக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வண்டியில் இருந்த யாரும் படம் எடுக்கவில்லை. பின்சீட்டுப் பெரியவர் தன் வயலைப் போன வருடம் யானைகள் அழித்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். போட்ஸ்வானா, நமீபியா, சாம்பியா, ஜிம்பாப்வே, அங்கோலா ஐந்தும் சேர்ந்த காப்பகப் பகுதியில் 2022 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல் யானை, அதில் பாதிக்கு மேல் போட்ஸ்வானாவில். அவற்றோடு வாழ்கிறவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த யானைகளைப் பார்த்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கசானேயிலிருந்து சாம்பியாவுக்குக் கசுங்குலா பாலம். 923 மீட்டர், 2021 மே மாதம் திறந்தது. ஜிம்பாப்வே மண்ணைத் தொடாமல் போவதற்காகவே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் படகுதான். லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் கிடக்குமாம். வாசலில் கோமாரி நோய்க்காகச் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் மருந்துநீர்ப் பாயில் மிதிக்கச் சொன்னார்கள், பையிலிருந்த ஜோடியையும் எடுத்து.

#13 தெற்குக்காற்று

ஜிம்பாப்வே பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

விக்டோரியா அருவியை விரிவாக எழுத மாட்டேன், அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1,708 மீட்டர் அகலம், இரண்டு நாட்டிலிருந்தும் பாருங்கள், முழுக்க நனைவீர்கள். அக்டோபர், நவம்பரில் போனால் சாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறை.

பணத்துக்கு வருவோம். 2008-இன் பணவீக்கம், 100 டிரில்லியன் டாலர் நோட்டு எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஏப்ரலில் ஜிக் என்ற புதிய பணம் வந்தது. நாங்கள் போனபோது வேன், சந்தை, அறை எல்லாம் அமெரிக்க டாலரில்தான் நடந்தது. சிக்கல் சில்லறை. அமெரிக்க நாணயம் அங்கே கிடையாது. ஒன்றரை டாலர் என்றால் மீதி அரை டாலருக்கு ரேண்ட் நாணயமோ மிட்டாயோ வரும். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டாக ஒரு கட்டு, கிழியாததாக, ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான இடம் மஸ்விங்கோ பக்கத்தில் இருக்கும் கிரேட் ஜிம்பாப்வே. 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டிய கல் நகரம். பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் சில இடத்தில் 11 மீட்டர் உயரம், சுற்றளவு ஏறக்குறைய 250 மீட்டர், சாந்து ஒரு கரண்டி கிடையாது. கருங்கல்லைச் செங்கல் மாதிரி உடைத்து அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு சுவருக்கு நடுவில் ஒடுங்கிய வழி போகிறது, கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடலாம். காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவர் மட்டும் அதில் நடந்தோம்.

1871-இல் வந்த ஜெர்மன் பயணி கார்ல் மௌச் இதை ஷீபா அரசியோடு முடிச்சுப் போட்டார். ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்று வெள்ளை ஆட்சி கடைசிவரை சாதித்தது. தொல்லியலாளர் கெர்ட்ரூட் கேடன்-தாம்சன் 1929-இலேயே இது ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்று அகழாய்வு செய்து சொன்னார். அதையே சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் ரொடீசியாவை, அதாவது அன்றைய ஜிம்பாப்வேயை விட்டு வெளியேற வேண்டிவந்தது. ஒரு மக்களின் கையை அவர்கள் கட்டிய சுவரிலிருந்து அறுத்தெடுக்க அத்தனை வருட முயற்சி. 1980-இல் விடுதலை வந்ததும் அந்தச் சுவரின் பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள், அங்கே கிடைத்த கல் பறவையைக் கொடியில் வைத்தார்கள். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி கடைசியில் சுவரில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார். நானும் வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது.

#14 சேலத்துக்காரன்

அக்கா, படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். இரண்டு நாளாக வரைபடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 40 நாளில் உங்கள் பாதை முழுவதும் முடியாது என்று தெரிகிறது. எதை விடலாம்?

#15 தெற்குக்காற்று

நமீபியாவை விடுங்கள் தம்பி. சொல்லவே மனது வரவில்லை, ஆனால் அது தனியாக ஒரு முறை போக வேண்டிய நாடு. கார் வாடகையே உங்கள் பணத்தில் பாதியைத் தின்றுவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, பேருந்தில் பெய்ட்பிரிட்ஜ் எல்லை வழியாக மஸ்விங்கோ. அங்கிருந்து புலவாயோ, விக்டோரியா அருவி, இரண்டு நாளைக்குக் கசானே, பாலம் வழியாக லிவிங்ஸ்டன், லுசாக்கா, சிபாட்டா. சிபாட்டாவிலிருந்து தெற்கு லுவாங்வா பூங்காவின் வாசலான ம்ஃபூவே போய் லுவாங்வா ஆற்றங்கரையில் கூடாரம் போடுங்கள். இரவில் நீர்யானை மேய வரும், விடியும்வரை வெளியே தலை நீட்டாதீர்கள். கடைசிப் பத்து நாள் மலாவி ஏரிக்கு. எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்காதீர்கள், ஐந்து நாளைத் திட்டமே இல்லாமல் கையில் வையுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறைத் தளத்தில் மட்டும் பாருங்கள். கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கம் நிறைய இருக்கட்டும்.

#16 காட்டுயிர்ப்பிரியன்

நமீபியாவை விடச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த நீர்க்குட்டையை நீங்களே அப்படி எழுதிவிட்டு! சேலத்துக்காரன், முடிந்தால் 40-ஐ 50 ஆக்குங்கள். முடியாவிட்டால் ம்ஃபூவேயில் ஒரு நாள் வழிகாட்டியோடு நடைப்பயணம் போங்கள். நடந்து விலங்கு பார்ப்பது தொடங்கியதே அந்தப் பள்ளத்தாக்கில்தான். காரில் எட்டு நாள் பார்த்ததைவிட அது வேறு, இதை ஒத்துக்கொள்கிறேன்.

#17 சேலத்துக்காரன்

மனைவி முடிவு செய்துவிட்டாள்: மஸ்விங்கோ முதல். மூன்று மணி விதியையும் எழுதி வைத்துக்கொண்டோம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அடுத்த வாரம் கிண்டி போகிறோம்.

#18 லுசாக்காவாசி

லுசாக்கா வரும் நாள் தெரிந்ததும் இங்கேயே எனக்குச் செய்தி போடுங்கள் தம்பி. பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன், பையை யாரும் பிடிக்க மாட்டார்கள். ஊரிலிருந்து எதுவும் வாங்கிவர வேண்டாம். கொஞ்சம் சுண்டைக்காய் வற்றல் மட்டும், எல்லையில் விட்டால்.